காசு கேளாத நீர்விளையாட்டு



சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் கொழும்பில் கடை ஒன்றில் வேலை செய்பவர். ஆண்டுக்கு ஒருமுறை நான்கு நாள் விடுப்பில் வருகிறவர், வந்த மறுநாளே பிள்ளைகள் மூவரையும் நீந்தும் குளம் உள்ள ஒரு விடுதிக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். வாசலில் தலைக்கு இவ்வளவு என்று கேட்ட கட்டணத்தைக் கேட்டதும், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டார். வழியில் இளைய மகள் கேட்டாளாம்: “அப்பா, தண்ணிக்குமா காசு?”

“அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செலவில்லாமல் பிள்ளைகள் நீரில் விளையாட நம் பக்கத்தில் இடம் உண்டா?” என்று முடிகிறது கடிதம்.

இந்த வாரம் அதற்கே பதில் எழுதுவோம்.

மலைநாட்டிலும் வெயிலா?

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் வெயிலுக்கு அஞ்சுவாரும் உளரோ என்று கேட்பர். ஆனால் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் தகரக் கூரையின் கீழ் ஒரு பகற்பொழுதைக் கழித்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் சுடும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் மிகுகிறது என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அப்படியாயின் நுவரெலியாவின் வெயில், கடற்கரை வெயிலைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு கூடுதலாகத் தோலைத் தாக்குகிறது. கொழுந்து மலையில் நிற்கும் தாய்மாரின் முகமே இதற்குச் சான்று.

பிள்ளைகளோ வெயிலுக்காக மட்டும் நீரை நாடுவதில்லை. நீரில் ஆடுவது குழந்தைப் பருவத்தின் உரிமை என்று நம் முன்னோர் கருதியிருக்க வேண்டும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடலுக்கென்றே தனியாக ஒரு பருவம் வகுத்தார்கள் அல்லவா? வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரையே திரண்டு ஆடியதைப் பரிபாடல் காட்டுகிறது. அந்த ஆட்டத்திற்கு யாரும் நுழைவுச் சீட்டுக் கிழிக்கவில்லை.

பிற நாட்டார் செய்வது

மேல்நாட்டு நகரங்களில் இப்போது நீர் பீச்சும் தளங்கள் பெருகி வருகின்றன. தரையிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் நீர் பீறிட்டு எழும். பிள்ளைகள் அதனிடையே ஓடுவர். விழுந்த நீர் உடனே வடிந்துவிடும். நீர் தேங்குவதே இல்லை. ஆதலால் மூழ்கும் அச்சமும் இல்லை என்றே கூறலாம். பிரான்சின் போர்தோ நகரில் 2006ஆம் ஆண்டு அமைத்த நீர்க்கண்ணாடி, 3,450 சதுர மீட்டர் கருங்கற் பரப்பின்மீது இரண்டு சென்றிமீட்டர் நீரையே நிறுத்துகிறது. சிங்கப்பூரில் 2014இல் திறந்த கரையோரப் பூந்தோட்டத்துச் சிறுவர் தோட்டத்திலும் இவ்வாறான நீர்விளையாட்டு உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை.

நியூயோர்க் நகரத்தார் செய்யும் உபாயம் இன்னும் எளியது. தீயணைப்புக்காகத் தெருவோரம் நட்டிருக்கும் நீர்க்குழாயின் வாயில், துளையிட்ட மூடியொன்றைப் பொருத்திக் கொடுக்கிறார்கள். வயது வந்த ஒருவர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் இலவசமாகக் கிடைக்கும். மூடியில்லாமல் திறந்தால் நிமிடத்திற்கு 1,000 கலனுக்கு மேல் பாய்கிற நீர், மூடி போட்டால் 25 கலன் அளவுக்குச் சுருங்கிப் பூமழையாகத் தூவுகிறது. தெருப் பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா.

இவற்றைப் படித்தபோது நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நீர் மேலிருந்து விழ வேண்டும். கீழே தேங்காமல் ஓட வேண்டும். கால் வைக்கக் கெட்டித் தரை வேண்டும். காசு கேட்கக் கூடாது. இந்த நான்கும் சேர்ந்த இடம் ஒன்று நம் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நம் பாட்டனார் இட்ட பெயர் பீலி!

பீலிக்கரை

மலையில் ஊறும் ஊற்று நீரை மூங்கிலைப் பிளந்து தாங்கிக் கொணர்ந்து லயத்துக்கு அருகே விழவிட்டார்கள். பிற்காலத்தில் மூங்கில் இருந்த இடத்தில் இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வந்தன. கீழே சீமெந்துத் தளம் வந்தது. குளிப்பதும் துவைப்பதும் குடம் நிறைப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்ணுக்குக் களைப்பு நீங்குமிடமும் அதுவே.

அந்தப் பீலியையே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன? ஆறடி நீளமுள்ள எஸ்லோன் குழாய் ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் முழுவதும் நெருக்கமாகத் துளையிட்டு, ஒரு முனையை அடைத்து, மறு முனையைப் பீலியின் வாயோடு இணைத்து, பெரியவர் தலைக்கு மேலே இரண்டு கவைக்கம்பில் கிடத்திவிடுங்கள். பிள்ளைகளுக்கு மழை தயார். துளை குறைவாயிருந்தால் நீர் இணைப்பிலேயே பின்வாங்கி வழியும். ஆகவே துளைகளில் சிக்கனம் வேண்டாம். தளத்தில் படிந்த பாசியை முதல்நாள் தென்னந்தும்பாலும் மணலாலும் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். பாசியில் வழுக்கி விழுந்தால் கைகால் உடையலாம். வடியும் நீர் செல்ல ஒரு சிறு கான் வெட்டி மரக்கறித் தோட்டத்துக்குத் திருப்பினால் கோவாவும் கரட்டும் உங்களை வாழ்த்தும்.

யாருடைய தண்ணீர்?

இங்கே ஒரு சொல். பீலித் தண்ணீருக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு உழைப்பு உண்டு. வறட்சி மாதங்களில் பீலி நூலாக மெலிந்துவிடும்போது, விடியுமுன் எழுந்து குடத்தோடு வரிசையில் நிற்பவள் வீட்டுத் தாய். அவள் நிற்க, பிள்ளைகள் குதித்து விளையாடுவது முறையன்று.

மாணவர்களுக்கு ஒரு கணக்குத் தருகிறோம். பத்து லீற்றர் வாளியைப் பீலியின் கீழ் வையுங்கள். நிறைய இருபது விநாடி ஆனால் நிமிடத்துக்கு 30 லீற்றர், மணிக்கு 1,800 லீற்றர். இரவும் பகலும் திறந்தபடியே ஓடும் ஊற்றுப் பீலியானால், பிள்ளைகள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்த நீர் ஓடியே தீரும். அங்கே செலவாவது நீரன்று, பிறருடைய நேரம் மட்டுமே. ஆதலால் குடங்கள் நிறைந்து, துவையல் முடிந்த பின் விளையாட்டைத் தொடங்கலாம். தாங்கியில் சேமித்துக் குழாயில் வரும் நீரோ வேறு கதை. அதில் ஆடும் ஒவ்வொரு வாளியும் இன்னொரு வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்ததாகும். வாளி நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தாலும் அந்த வாரம் விளையாட்டை ஒத்திவையுங்கள். முதலில் லயத்துப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் சரி என்ற பின் குழாயைக் கட்டுங்கள்.

பார்க்கும் நீரும் ஆடும் நீரும்

“வீட்டருகே ஆடியாயிற்று, வெளியே எங்கும் போகலாகாதா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். போகலாம். ஆனால் பார்க்கும் நீர் வேறு, ஆடும் நீர் வேறு என்பதை அறிந்து போக வேண்டும்.

தலவாக்கலைக்கு அருகே 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சென்கிளேயர், அதற்கு அண்மையில் 97 மீட்டர் டெவோன், றம்பொடைக் கணவாயில் 109 மீட்டர் றம்பொடை ஆகிய மூன்றையும் பெருந்தெருவிலிருந்தே காசின்றிக் காணலாம். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பின் சென்கிளேயர் முன்னைப்போல் பெருகுவதில்லை. ஆயினும் அழகு குன்றிவிடவில்லை. இவை கண்ணுக்குரியவை. கினிகத்தேனைப் பக்கத்து அபர்டீன் நீர்வீழ்ச்சியின் மடு நீந்தத் தெரிந்த இளைஞர்களையே பலிகொண்டிருக்கிறது. அங்கே பிள்ளைகளை இறக்க எண்ணவும் வேண்டாம். நுவரெலியாவில் ஆளுநர் கிரகெரி காலத்தில் 1873இல் உருவான ஏரியும் குளிக்கும் இடமன்று.

சிவனொளிபாத மலைக்குச் செல்லும் அடியார்கள் நல்லதண்ணிப் பாதையில் சீதகங்குலையில் நீராடுவது பழைய வழக்கம். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை நீளும் யாத்திரைக் காலத்தில் சென்றால், முழங்கால் நனையும் ஓரத்தில் பிள்ளைகளை நிறுத்தி நீர் வார்க்கலாம். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருக்கும்; நடுங்கத் தொடங்கியதும் துவட்டிவிட வேண்டும்.

ஓடையில் இறங்குமுன் நினைவில் வைக்க வேண்டியது மற்றொன்று. நமக்குப் பதினோரு வயதிருக்கும். புத்தாண்டுக்கு வந்த மாமன் மக்களோடு லயத்துக்குக் கீழே ஓடையில் ஆடிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே மேகமே இல்லை. திடீரென்று மேற்கரையில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் ஒருவர் கட்டைக் கீழே போட்டுவிட்டு, “ஏறுங்கடா மேலே!” என்று கத்தினார். ஏன் என்று கேட்க வாயெடுத்தோம். அவர் ஓடிவந்து இளையவனைக் கையைப் பிடித்து இழுத்தார். நாம் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, நின்ற கல்லைக் காணவில்லை. செந்நிற வெள்ளம் அதன்மேல் போய்க்கொண்டிருந்தது. மலையுச்சியில் பெய்த மழை அது. கண்ணாடி போன்ற நீர் கலங்கியதையும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்ததையும் அவர் கண்டார், நாம் காணவில்லை. அன்று ஒரு செருப்பு மட்டும் போயிற்று. அந்தப் பெரியவர் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்ன போயிருக்கும் என்பதை இன்றும் நினைக்க அஞ்சுகிறோம்.

பங்குனி, சித்திரை மாதங்களில் மலைநாட்டில் பிற்பகலில் இடிமழை பெய்வது இயல்பு. ஆகவே ஓடைக்குக் காலையில் போங்கள், உச்சிக்கு முன் திரும்புங்கள். நீர் கலங்கினால், சருகு வந்தால், இரைச்சல் மாறினால் காரணம் கேளாமல் கரையேறுங்கள். நீர்த்தேக்கங்களுக்குக் கீழுள்ள ஆற்றில் வான்கதவு திறந்தால் வெள்ளம் வெயிலிலும் வரும். மேலேயுள்ள தேயிலை மலையில் மருந்தடித்த நாளில் ஓடைப்பக்கமே போக வேண்டாம். 2025 நவம்பரில் வந்த தித்வா புயலின் மண்சரிவுக்குப் பின் பல ஓடைகள் தடம் மாறியுள்ளன. பழகிய மடு என்று நம்பி இறங்கலாகாது. 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்றும், அவர்களில் கால்வாசியினர் ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கைபேசியை மடியில் முடிந்துவிட்டு நிற்க வேண்டும்.

சகோதரிக்குப் பதில்

அம்மா, உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் இதுதான். தண்ணிக்குக் காசில்லை, ஆனால் காவல் உண்டு. பீலிக்கு மேலே ஊற்றுக்கண்ணைச் சுற்றி நிற்கும் காட்டு மரங்களை வெட்டாமல் காக்க வேண்டும். நீரை மிகுதியாக உறிஞ்சும் யூக்கலிப்டஸை அங்கே நடாமல் இருக்க வேண்டும். குப்பை கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாடி முடித்த பிள்ளைகளைக் கையோடு கூட்டிச் சென்று அந்த ஊற்றைக் காட்டுங்கள். தன் மழை எங்கிருந்து வந்தது என்று கண்ட பிள்ளை அதைக் கெடுக்காது.

அடுத்த விடுப்பில் உங்கள் கணவர் வரும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஆறடிக் குழாயும் ஓர் ஆணியும் வாங்கி வரச் சொல்லுங்கள். மகள் மழையில் நிற்கட்டும். அப்பாவும் சேர்ந்து நனையட்டும்.