கெப் குலுங்கினால் பேடை மட்டும் மாற்றாதீர்கள்

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு இறங்கும்போது பிரேக் பிடித்தால் கெப் குலுங்குகிறது என்கிறார்கள். உடனே பேட் மாற்றுகிறோம். கொஞ்ச நாளில் திரும்பவும் அதே குலுக்கம். முதலில் டிஸ்க்கை அளக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் டிஸ்க், இருக்கை அதிர்ந்தால் பின் டிரம். டிஸ்க்கின் தடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு கூடிக் குறைந்தாலே பெடல் துடிக்கும். லேத்தில் சீவலாம்; டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே போனால் புதிதுதான் போட வேண்டும். வீல் நட்டை ஒரு பக்கம் கூட இறுக்கினாலும் டிஸ்க் கோணும்.

நியூட்ரலில் இறங்கும் பழக்கம்தான் எனக்குக் கோபம். டீசல் மிச்சமாம்! இப்போதைய இன்ஜின்கள் கியரில் விட்டு அக்சிலரேட்டரை எடுத்தால் டீசலே எடுப்பதில்லை. நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கில்தான், டிஸ்க் சூடேறிக் கெடுகிறது. மரக்கறி ஏற்றியிருந்தால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். அந்த வளைவுகளில் காலையில் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்.