விடாமுயற்சியும் விடும் முயற்சியும்



"இவ்வளவு தூரம் வந்தாச்சு... இப்ப போயி விடறதா?"

ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் இந்த வசனத்தைப் பேசாத பேட்ச் நம் பாலிடெக்னிக்கில் உண்டா? எங்கள் பேட்சும் பேசியது. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும் கருவிதான் எங்கள் ப்ராஜெக்ட். லேபில் பிரமாதமாக வேலை செய்தது. மாமல்லபுரம் பக்கம் ஒரு நண்பன் வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் மாட்டினோம். கடலோரத்து உப்புத் தண்ணீர், அதில் டி.சி. கரண்ட் பாயும் சென்சார் கம்பிகள். கேட்கவா வேண்டும்? சில நாளிலேயே கம்பி அரித்துப் போனது. மாற்றினோம், மறுபடி அரித்தது. மூன்று தடவை மாற்றிக் கைக்காசு கரைந்த பிறகும் விட மனசு வரவில்லை.

கடைசியில் எங்கள் சார் சொன்னார்: "தம்பிகளா, ரிலே சர்க்யூட் நல்லாத்தானே இருக்கு? கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு மிதவை சுவிட்ச் போடுங்க. செலவு பண்ணின காசு திரும்பி வராது. இனிமே பண்ணப் போற செலவைப் பத்தி மட்டும் யோசிங்க!"

நாலு பசங்களுக்கே இந்தப் பாடு என்றால், கோடிக்கணக்கில் பணம் போட்ட நிறுவனங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். புலிவாலைப் பிடித்த கதைதான்! வெகுதூரம் போக வேண்டாம், நம் செங்கல்பட்டை அடுத்த திருமணிக்கு வாருங்கள்.

2008-ல் கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய மூன்று இடங்களில் இருந்த அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமம், தரம் போதவில்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டது. 2010-ல் அந்தத் தடை விலக்கப்பட்டது. பின்பு 2012-ல், திருமணியில் 100 ஏக்கரில், 594 கோடி ரூபாய் மதிப்பில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தது. பொறுப்பேற்றது எச்.எல்.எல். பயோடெக். கட்டடங்கள் எழுந்தன, இயந்திரங்கள் வந்தன. பிறகு? பணம் போதவில்லை, வேலை நின்றது. 2021-ல் கொரோனா தடுப்பூசிக்காக ஊரே வரிசையில் நின்றபோது, சுமார் 700 கோடி விழுங்கிய அந்த வளாகத்திலிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. நடத்தித் தரத் தனியாரை அழைத்த டெண்டருக்கும் ஆள் வரவில்லை. அந்த மே மாதம் முதலமைச்சர் நேரில் வந்து பார்த்து, வளாகத்தை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தாருங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திட்டத்தை முடிப்பது நல்லது. முடியாது என்றால் கைவிடுவதும் நல்லதே. முடிக்கவும் இல்லை, விடவும் இல்லை என்று இழுத்தடிக்கிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம்! பூட்டிக் கிடக்கும் கட்டடத்திலும் காசு கரைந்துகொண்டேதான் இருக்கும், இயந்திரம் துருப்பிடிக்கும், கற்ற ஆள் வேறு வேலை தேடிப் போவான்.

ஜெர்மனிக்காரர்கள் ஒரு தடவை துணிந்து விட்டார்கள். கால்கர் என்ற ஊரில், நம் கல்பாக்கத்தில் கட்டப்பட்டதைப் போன்ற சோடியம் குளிர்விப்பு வேக ஈனுலை ஒன்றை 1973-ல் தொடங்கி 1985-ல் கட்டி முடித்தார்கள். எதிர்ப்பும் செலவும் ஏறிக்கொண்டே போக, எரிபொருள் நிரப்பாமலேயே 1991-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். இன்று அந்த இடம் ஒரு கேளிக்கைப் பூங்கா. குளிர்விப்புக் கோபுரத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது!

அதற்காகத் தாமதமானதெல்லாம் தோல்வி என்று நான் சொல்ல வரவில்லை. கல்பாக்கத்து 500 மெகாவாட் ஈனுலையின் கட்டுமானம் 2004-ல் தொடங்கியது. அந்த டிசம்பரிலேயே சுனாமி வந்து அஸ்திவாரக் குழியை மூழ்கடித்தது. 2010-ல் முடியும் என்றார்கள். உலைக்கலனை நிரப்பும் வேலை தொடங்கியதோ 2024 மார்ச்சில்தான். தொடர்ந்ததற்கு அவர்கள் சொல்லும் காரணம், நம்மிடம் யுரேனியம் குறைவு, தோரியம் அதிகம், அதைப் பயன்படுத்த இதுவே வழி என்பது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அது இனி வரப்போவதைப் பற்றிய காரணம். "இத்தனை கோடி போட்டாச்சே" என்பது காரணமே ஆகாது!

நாம் பின்பற்ற வேண்டிய வழியை நம் நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். தேஜஸ் போர் விமானத்துக்காக 1989-ல் தொடங்கியது காவேரி என்ஜின் திட்டம். எடை கூடியது, உந்துவிசை போதவில்லை. காவேரிக்காகக் காத்திருக்காமல், அமெரிக்க என்ஜினைப் பொருத்தி 2001 ஜனவரி 4-ல் தேஜஸைப் பறக்க விட்டார்கள். 2008-ல் காவேரியைத் தேஜஸிலிருந்து பிரித்தார்கள். 2016-ல் தேஜஸ் விமானப்படையில் சேர்ந்தது. காவேரியில் கற்ற பாடம் வேறு ஆராய்ச்சிக்குப் போனது. எங்கள் சார் சொன்ன அதே வைத்தியம்: கம்பியைக் கழற்று, ரிலேயைக் காப்பாற்று!

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு சைட்டில், ஏதோ ஒரு ப்ளான்டில் சூபர்வைசராக நிற்கப் போகிறோம். வேலை தொடங்கும் நாளிலேயே மூன்று கேள்வி கேட்டு எழுதி வைப்போம். எந்த அளவுக்கு மேல் போனால் நிறுத்துவது? நிறுத்து என்று கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? நிறுத்தினால் எதைக் காப்பாற்றுவது? முதல் நாளில் இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியும். கோடிகள் போன பிறகு மானப் பிரச்சினைதான் பதில் சொல்லும்.

கீழே இருப்பவன் "இது ஓடாது சார்" என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய நிறுவனம்தான் நஷ்டத்திலிருந்து தப்பும். அப்படிச் சொல்லும் துணிச்சல் நமக்கு வரட்டும். நாளை மேலே போய் உட்காரும்போது, அதைக் காது கொடுத்துக் கேட்கும் மனசும் வரட்டும்!