விரிசலுக்கு வெள்ளை அடிக்காதீர்கள்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, டெலிபோன் மணி அடித்தது. தாம்பரத்துக்கு அப்பால் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் என் சித்திதான்.

"ஏண்டா, உனக்கு நல்ல கொத்தனார் யாரையாவது தெரியுமா? ஹாலிலே மேலேயிருந்து கொஞ்சம் காரை உதிர்ந்துவிட்டது. அடுத்த மாதம் குழந்தைக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் பூசி, வெள்ளை அடித்துவிட வேண்டும்."

"கட்டிக் கொடுத்தவர்களிடம் சொன்னீர்களா, சித்தி?"

"சொல்லாமல் என்ன? அவர்கள் ஆள் வந்து பார்த்துவிட்டுக்கூடப் போனார். தங்கமான மனுஷர். பூச்சு, பெயிண்டு எல்லாம் அவர்கள் செலவாம். ஒரே ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறார். ஆனால் ஆள் அனுப்ப இரண்டு வாரம் ஆகுமாம். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்."

'ஒரே ஒரு கையெழுத்து' என்று காதில் விழுந்ததும் காப்பி கசந்து போயிற்று. "சித்தி, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வீட்டைப் பற்றி நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சித்தப்பா காலமானபோது கைக்கு வந்த பிராவிடண்ட் பணத்தோடு, பாங்குக் கடனையும் சேர்த்துச் சித்தி வாங்கிய வீடு அது. 32 குடித்தனங்கள். ஹால் நடுவில், தளத்திலிருந்து இறங்கும் கொக்கியில் சித்தியின் பிறந்தகத்து ஊஞ்சல். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணை அந்த ஊஞ்சலில் உட்கார்த்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

நான் போனபோது, உதிர்ந்த துண்டுகளைச் சித்தி முறத்தில் அள்ளி வைத்திருந்தாள். உள்ளங்கை அகலம் இருந்தன. மேலே அண்ணாந்து பார்த்தேன். தளத்தில் ஒரு கம்பி தெரிந்தது, துருப்பிடித்துச் செதில் செதிலாக. அதே கோட்டில், ஊஞ்சல் கொக்கி வரைக்கும் ஒரு பழுப்பு நிற விரிசல் ஓடிற்று.

மேஜை மேல் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'குறைகள் யாவும் திருப்திகரமாகச் சரி செய்யப்பட்டுவிட்டன. இனி இந்த வீட்டைக் குறித்து எனக்கு எவ்விதப் பிராதும் இல்லை.' வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. திருப்தி மட்டும் முன்கூட்டியே தயாராகிவிட்டது!

"சாவி வாங்கி எத்தனை வருஷம் ஆயிற்று, சித்தி?"

"வருகிற மாதக் கடைசி வந்தால் ஐந்து வருஷம்."

அந்த ஐந்து வருஷக் கணக்கில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாம் 'ரெரா' என்று சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கிறவர், அரசாங்கம் அமைத்த ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்த பிறகே விளம்பரம் கொடுக்கலாம். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவிகிதத்தை அந்தக் கட்டட வேலைக்கும் நிலத்துக்குமே செலவிட வேண்டும் என்று தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது.

இல்லத்தரசிகள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டியது, இந்தச் சட்டத்தின் 14-வது பிரிவின் 3-வது உட்பிரிவு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள், கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ ஒப்பந்தத்தில் சொன்ன வசதிகளிலோ குறை இருப்பதாக நாம் கட்டியவருக்குத் தெரியப்படுத்திவிட்டால், அவர் 30 நாளில் நம்மிடம் காலணா வாங்காமல் அதைச் சரி செய்து தர வேண்டும். தவறினால் நஷ்ட ஈடு கேட்கலாம்.

'தெரியப்படுத்திவிட்டால்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். மாடிப்படியில் மானேஜரைப் பார்த்தபோது சொன்னதும், டெலிபோனில் அழுததும் நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும். சித்திக்கு மீதி இருந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் பூச்சு வேலை முடிந்து, கையெழுத்தும் போட்டிருந்தால், விரிசல் மறுபடி எட்டிப் பார்க்கிறபோது ஐந்து வருஷம் கடந்திருக்கும்; கையில் இருப்பது, தனக்கு எதிராகத் தானே எழுதிக் கொடுத்த சாட்சிப் பத்திரம் ஒன்றுதான்.

நிபுணர் வந்தார்

எனக்குத் தெரிந்த எஞ்சினீயர் ஒருவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அன்று மாலையே வந்தார். வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அம்மா, முதலில் அந்த ஊஞ்சலைக் கழற்றிவிடுங்கள்."

சித்தியின் முகம் வாடிவிட்டது. ஆனால் கழற்றினோம்.

அவர் பையிலிருந்து ஒரு சிறு சுத்தியலை எடுத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டண்' என்றது. விரிசல் பக்கம் 'டொப்' என்றது. 'டொப்' என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறித்தார். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி போட்டோ எடுத்தார்.

"ஏன் இப்படி ஆயிற்று, சார்?" என்றேன்.

"பார்த்ததும் சொன்னால் அது ஜோசியம், தம்பி. சோதித்துச் சொன்னால்தான் சாட்சியம்" என்றார். பிறகு சித்திக்குப் புரியும்படி விளக்கினார்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் வரையில் இரும்புக் கம்பிக்குப் பயம் இல்லை. சிமெண்டின் காரத்தன்மை அதைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. கம்பிக்குக் கீழே கான்கிரீட் போதிய கனம் இல்லாமல் போனாலோ, உப்புத் தண்ணீரோ கழுவாத கடல் மணலோ கலவையில் சேர்ந்தாலோ அந்தக் காப்பு போய்விடுகிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் அடைத்துக்கொள்ளும். உள்ளேயிருந்து அது வீங்கித் தள்ள, கான்கிரீட் கம்பியின் கோட்டிலேயே பிளக்கிறது. அதன் மேல் பூசி வெள்ளை அடிப்பது, புரையோடிய புண்ணுக்குப் பவுடர் போடுவதற்குச் சமானம்.

சோதனைகளையும் சொன்னார். கான்கிரீட்டின் மேல்புற உறுதியை அளக்க ஒரு சுத்தியல் கருவி. உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று அறிய ஒலி அலைக் கருவி. நெல்மூட்டையில் குத்தூசி போட்டு எடுப்பதுபோல் தளத்திலிருந்து ஒரு துண்டைக் குடைந்து எடுத்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது. கலவையில் உப்பு எவ்வளவு என்பதும் அங்கே தெரிந்துவிடும். 2000-ம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்கிறது.

இது வெறும் புத்தகக் கணக்கல்ல. 2022 பிப்ரவரியில், டில்லியை அடுத்த குருகிராமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடித் தளம் சரிந்து, கீழ் வீடுகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்து போனார்கள். டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் சோதித்தபோது, கான்கிரீட்டில் குளோரைடு மிதமிஞ்சி இருந்தது தெரிந்தது. அந்தக் கட்டடம் பழுது பார்த்துக் குடியிருக்க லாயக்கில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். குடியிருந்தவர்களின் கண்ணீருக்கு இல்லாத பலம் அந்த அறிக்கைக்கு இருந்தது.

எல்லா விரிசலும் எமன் அல்ல

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். புதுச் சுவரின் பூச்சில் தலைமுடி போல் ஓடும் விரிசல்களைக் கண்டு கலங்க வேண்டாம். பூச்சு உலரும்போது அப்படி ஆவதுண்டு. நாமே சுவரை இடித்து அலமாரி வைத்துவிட்டு, கட்டியவர் மேல் பழி போடுவதும் முறையல்ல. தூணிலோ உத்தரத்திலோ தளத்திலோ கம்பியின் கோட்டில் விரிசல் ஓடுவது, துருக்கறை கசிவது, கதவு ஜன்னல்கள் திடீரென்று இறுகிக்கொள்வது, விரிசல் மாதத்துக்கு மாதம் நீளுவது இவையே ஆபத்தின் அடையாளங்கள். எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் நிபுணர் வேண்டும்.

நீதிமன்றத்தில் நிபுணரின் அபிப்பிராயம் சாட்சியமாக ஏற்கப்படுகிறது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 45-வது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 39-வது பிரிவாகியிருக்கிறது. ஆனால் 'கட்டடம் மோசம்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுக்கிற நிபுணரால் பிரயோசனம் இல்லை. என்றைக்குப் பார்த்தார், எங்கே சோதித்தார், என்ன அளவு கிடைத்தது, தர நிர்ணயம் எவ்வளவு கேட்கிறது, சரி செய்ய என்ன வழி, என்ன செலவு என்று காரணத்தோடு எழுத வேண்டும். எதிர்க்கட்சியாரும் தங்கள் நிபுணரைக் கொண்டு வருவார்கள். குறுக்குக் கேள்வி கேட்பார்கள். ஆகவே சோதனைக்கு முன்னால் அவர்களுக்கும் தேதி சொல்லி, வரும்படி அழைப்பது நல்லது. பார்த்தவர் இரண்டு பேர் ஆனாலும் விரிசல் ஒன்றுதானே!

சித்தி செய்த காரியங்கள்

மறுநாள் முதல் சித்தி என்ன செய்தாள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

விற்பனை ஒப்பந்தம், வீட்டை ஒப்படைத்த கடிதம், வரைபடம், பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டாள். அடுத்த வீடுகளில் விசாரித்தாள். மேலும் ஆறு வீடுகளில் இதே கதை. வெளியே சொன்னால் வீட்டின் விலை குறையும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்! ஏழு பேருமாகக் கடிதம் எழுதினார்கள். ஒப்படைத்த தேதி, குறை எங்கே, எப்போது கண்டது, 14(3) பிரிவின்படி 30 நாளில் சரி செய்து தர வேண்டும், எந்த முறையில் சரி செய்யப் போகிறார்கள் என்பதை முன்கூட்டி எழுத்தில் தர வேண்டும் என்று கண்டு, போட்டோக்களையும் இணைத்தார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, கடிதம் சேர்ந்ததற்கு அத்தாட்சியும் வாங்கி வைத்தார்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல்.

உதிர்ந்த துண்டுகளைக் குப்பையில் கொட்டாமல் தேதி எழுதிய பையில் போட்டு வைத்தாள். பாதுகாப்புக்காகத் தளத்துக்கு முட்டுக் கொடுத்தாள்; கொடுப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்தாள். கட்டியவர்கள் வந்து வேலை செய்வதைத் தடுக்கவில்லை. அந்தக் கையெழுத்தை மட்டும் போடவில்லை.

30 நாள் கழிந்தும் பலன் இல்லையானால் ரெராவின்படி பிராது கொடுக்கலாம். சிறு கட்டடமாக இருந்து அங்கே பதிவு ஆகாதவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்ல. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று 1993-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரையில் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரையில் மாநில ஆணையம். குறை ஏற்பட்டு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். எந்த வாசற்படி ஏறுவது உங்களுக்கு அனுகூலம் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

கட்டியவர்களிடமிருந்து இரண்டாவது வாரமே பதில் வந்தது. இந்தத் தடவை தங்கமான மனுஷரோடு அவர்களுடைய எஞ்சினீயரும் வந்தார். இரண்டு எஞ்சினீயர்களும் சேர்ந்து சோதனைக்குத் துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இனிமேல்தான் தெரியும்.

நிச்சயதார்த்தம் போன வெள்ளிக்கிழமை நடந்தது. ஹாலில் முட்டுக் கம்பங்கள் நிற்க, பக்கத்து அறையில் ஜமக்காளம் விரித்துப் பெண்ணை உட்கார்த்தினார்கள். சம்பந்தி வீட்டார் அண்ணாந்து பார்த்தபோது சித்திக்கு உடம்பெல்லாம் கூசிற்றாம். ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.

வருங்காலச் சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். புறப்படும் சமயத்தில் என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, அந்த எஞ்சினீயர் விலாசம் கொஞ்சம் வேண்டுமே! எங்கள் ஃபிளாட்டிலும் பால்கனிப் பக்கம் ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. போன தீபாவளிக்குத்தான் வெள்ளை அடித்து மறைத்தோம்" என்றார்.