கெர்னலுக்குப் பூட்டு வேண்டாமா?

"புரோகிராமர் ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது!"

பஃபர் ஓவர்ஃப்ளோ என்ற பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்த வசனத்தைப் பேசிவிடுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைவிடப் பொறுப்பில்லாத பேச்சு வேறில்லை.

முதலில் விஷயம் என்ன? பஃபர் என்பது தகவலை வைக்க நினைவகத்தில் அளந்து ஒதுக்கிய இடம். 100 பைட் இடத்தில் 150 பைட் எழுதினால் மிச்ச 50 பக்கத்து இடத்தில் போய் விழும். எழுதுகிறவன் விஷமக்காரன் என்றால் அங்கே என்ன விழ வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்வான். இது கெர்னலுக்குள் நடந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் கைமாறிவிடும். கெர்னலைக் கேள்வி கேட்க மேலே ஆள் கிடையாதே!

"கவனமாக எழுது" என்ற உபதேசம் பழசு. 1988 நவம்பரில் மோரிஸ் வோர்ம் யுனிக்ஸ் கணினிகளில் நுழைந்த வழிகளில் ஒன்று, அளவு பார்க்காமல் நிரப்பப்பட்ட ஒரு 512 பைட் பஃபர். அதற்குப் பிறகு 28 வருட உபதேசம். பலன்? 2017 மே 12, வான்னக்ரை. விண்டோஸ் கெர்னலில் ஓடும் எஸ்.எம்.பி. டிரைவரில், 32 பிட் அளவு ஒன்றைத் திருத்த வேண்டிய இடத்தில் 16 பிட்டை மட்டும் திருத்தியிருந்தார்கள். பேரேட்டில் 1,20,450 என்பதை 350 ஆக்கப் போய், கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் மாற்றி 1,20,350 என்று விட்ட கதைதான். விளைவு: இங்கிலாந்து மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்து.

"பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டதே?" வந்தது. இரண்டு மாதம் கழித்தும் போடாதவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதானே பாடம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருந்தது. ஆனால் அடிபட்டது பெரும்பாலும் விண்டோஸ் 7. முக்கியக் காரணம், தாக்குதல் பயன்படுத்திய கெர்னல் நினைவகப் பகுதி விண்டோஸ் 7-இல் எப்போதும் ஒரே முகவரியில் இருந்தது. அங்கே எழுதியதை அப்படியே ஓட்டவும் முடிந்தது. விண்டோஸ் 8-இலிருந்து அங்கே எழுதலாம், ஓட்ட முடியாது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் விண்டோஸ் 10-க்கும் வழி கண்டுபிடித்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு நாள் பிடித்தது. பூட்டு திருடனை ஒழிக்காது, தாமதப்படுத்தும். பேட்ச் போட அந்த அவகாசம்தான் வேண்டும்.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதா என்ன? கேஷியர் நாணயமானவர் என்பதற்காக லாக்கர் அறைக்கு இரண்டாவது சாவி வேண்டாம் என்று எந்த ஆடிட்டராவது எழுதிக் கொடுப்பாரா?

எதிர்வாதமும் உண்டு. லினக்ஸ் கெர்னலைப் பலப்படுத்தும் திட்டத்தை 2015-இல் கீஸ் குக் ஆரம்பித்தார். 2016-இல் வந்த 4.8 பதிப்பிலேயே, கெர்னலுக்கும் பயனர் நினைவகத்துக்கும் இடையே தகவலை நகலெடுக்கும்போது அளவு சரிபார்க்கும் வசதி சேர்ந்தது. 2017-இல் அதை மேலும் இறுக்க முயன்றபோது லினஸ் டோர்வால்ட்ஸ் சீறி விழுந்தார். பாதுகாப்பு என்ற பெயரில் ஓடுகிற வேலையைக் கொல்லாதே, முதலில் எச்சரிக்கை மட்டும் கொடு என்பது அவர் கட்சி. பாதி நியாயம். புதுச் சோதனை கொஞ்ச காலம் எச்சரிக்கட்டும். ஆனால் எச்சரிக்கையோடு நின்றுவிட்டால் அது பூட்டு அல்ல, "திருடாதே" என்று எழுதி மாட்டிய போர்டு!

"வேகம் குறையும்" என்பது அடுத்த புலம்பல். கொஞ்சம் குறையும்தான். செக்கில் இரண்டு கையெழுத்து வாங்கினாலும் நேரமாகும். அதற்காக யாரும் ஒரு கையெழுத்து போதும் என்று மாற்றிவிடவில்லை.

மனிதன் தப்பு செய்வான். 1988-இலும் செய்தான், 2017-இலும் செய்தான், நாளையும் செய்வான். அந்தத் தப்பு பக்கத்து அறைக்குப் போகாமல் தடுக்கும் சுவரைக் கெர்னலிலேயே கட்டுங்கள். விருப்பம் இருந்தால் போட்டுக்கொள் என்று செட்டிங்கில் ஒளித்து வைக்காமல், ஆன் செய்தே கொடுங்கள்.