அடுப்படி எறும்புக்கு வயல் மருந்தா?

கேள்வி: மழை பிடித்ததிலிருந்து அடுப்படிக்குள் எறும்பு சாரை சாரையாக வருகிறது. சர்க்கரை டப்பா, எண்ணெய்த் தூக்கு எதையும் விடுவதில்லை. போன வாரம் அடைக்கோழி பொரித்த குஞ்சுகளில் நான்கைச் சிவப்பு எறும்பு கடித்தே கொன்றுவிட்டது. நெல்லுக்கு வாங்கிய குருணை மருந்து அரைப் பை மீதம் உள்ளது. அதை வீட்டைச் சுற்றித் தூவலாமா?
- வாசகி, மணப்பாறை

பதில்: தூவக் கூடாது. குருணை வயல் மண்ணில் இடுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. வீட்டைச் சுற்றிப் போட்டால் தானியம் என்று நினைத்துக் கோழிகள் கொத்தும். எறும்பிடம் தப்பிய குஞ்சுகளும் அதில் போய்விடும். தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். மழையில் கரைந்து கிணற்றுக்கும் இறங்கும். எந்தக் குருணை என்று வாசகி எழுதவில்லை. ஃபோரேட் என்றால் அது 2020 டிசம்பர் 31-உடன் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட மருந்து. பழைய பை பரணில் கிடந்தாலும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

எறும்பு ஏன் இப்போது வருகிறது? மழை நீர் புற்றுக்குள் இறங்கியதும், முட்டையையும் புழுவையும் தூக்கிக்கொண்டு காய்ந்த இடம் தேடி ஏறுகிறது. கோடையில் இதே எறும்பு தண்ணீர் தேடி பானையடிக்கு வரும். முதலில் வருவது ஒன்றிரண்டு வேவு எறும்புகள்தான். தீனி கிடைத்துவிட்டால் திரும்பும் வழியெல்லாம் ஒருவித வாசனையைத் தடவிக்கொண்டே போகும். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வரிசை கட்டுகின்றன. வெறும் துணியால் எறும்பை மட்டும் வழித்து எடுத்தால் சற்று நேரத்தில் அதே தடத்தில் மறுபடி வரிசை நிற்பது இதனால்தான். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடம் முழுவதையும் துடைக்க வேண்டும்.

துடைக்கும் முன் வேறொரு வேலை இருக்கிறது. வரிசை எங்கிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது ஜன்னல் வழியாக வெளியேறி, கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொய்யாக் கிளையிலோ செம்பருத்திச் செடியிலோ போய் முடியும். இலையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும். மாவுப்பூச்சியும் அசுவினியும் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் போன்ற இனிப்புக் கழிவை வெளியேற்றுகின்றன. எறும்புக்கு அதுதான் அன்றாடச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்காக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டிக் காவலும் காக்கும். செடியில் மாவுப்பூச்சி இருக்கும்வரை வீட்டோரத்தில் எறும்புக் கூட்டம் பெருகிக்கொண்டுதான் இருக்கும். அடுப்படியை எத்தனை தடவை துடைத்தாலும் பாதி வேலைதான்.

ஆகவே சுவரையும் கூரையையும் தொடும் கிளைகளை ஒரு முழம் இடைவெளி விட்டுக் கழிக்க வேண்டும். பூச்சி அப்பிய நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். எறும்பு விலகினால் பொறிவண்டு தானாக வந்து மீதியைக் கவனித்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் வருவதைக் கூட்டோடு ஒழிக்க போரிக் அமிலம் போதும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து, சிறு ஓட்டைகள் போட்ட மூடி டப்பாவில் வைத்து, எறும்புத் தடத்தில் வைக்க வேண்டும். சீக்கிரம் சாகட்டும் என்று அளவைக் கூட்டுபவர்கள் உண்டு. கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். மருந்து கூட்டுக்குப் போய்ச் சேராது. அளவு குறைவாக இருந்தால்தான் அது நிதானமாகச் சுமந்துபோய்ப் புழுவுக்கும் ராணிக்கும் ஊட்டும். முதல் இரண்டு நாள் டப்பாவை எறும்பு மொய்க்கும். பதறி நசுக்கிவிடக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் வரத்து குறையும். கேரம் பவுடரும் இதுதானே என்று சிலர் கேட்பார்கள். எல்லா கேரம் பவுடரும் போரிக் அமிலம் இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதே சரி. இதுவும் விழுங்கினால் விஷம்தான். குழந்தைகளுக்கும் ஆடு கோழிக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

மஞ்சள் தூள் கோடு எறும்பைத் தயங்க வைக்குமே தவிரக் கொல்லாது. ஈரம் பட்டால் அதுவும் போச்சு. எறும்பு சாக்பீஸ் பூச்சிக்கொல்லி சேர்ந்தது. பலகையில் எழுதும் சாக்பீஸ் என்று நினைத்துப் பிள்ளைகள் கடித்துவிடும் என்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் வாங்காமலிருப்பது நல்லது. அலமாரிக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய வழக்கம் இன்றும் நல்ல காவல். வாரம் இருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும்.

குஞ்சுகளைக் கொன்றது நெருப்பெறும்பு என்று சொல்லும் சிறு சிவப்புக் கடி எறும்பாக இருக்கலாம். முட்டை ஓடு விரிந்ததும் அந்த ஈர வாசனைக்கே ஓடி வரும். அடைக்கூடையைத் தரையில் வைக்காமல் முக்காலியில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். கூடை சுவரில் உரசக் கூடாது. பொரிக்கும் நாளில் இரவிலும் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்து, உடைந்த ஓட்டை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும். இந்த எறும்புக்குச் சர்க்கரையைவிட எண்ணெயும் கருவாடும்தான் அதிகம் பிடிக்கும். சர்க்கரைக் கரைசலைச் சீண்டாவிட்டால், புற்றைக் கண்டுபிடித்துக் காலை வெயில் ஏறியதும் மூன்று நான்கு லிட்டர் கொதிநீரை ஊற்றலாம். ஒரே தடவையில் தீராது. சில நாள் விட்டு மீண்டும் ஊற்ற வேண்டும். செடி வேரருகே ஊற்றினால் செடியும் போகும்.

2022-ல் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரத்து ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண் பாதிக்கப்படுவதாக மக்கள் முறையிட்டது நினைவிருக்கலாம். இது கடிப்பதில்லை, அமிலத்தைப் பீய்ச்சும். நீண்ட காலும் மஞ்சள் நிறமுமாக, தாறுமாறாக ஓடும் எறும்பு கூட்டம் கூட்டமாகத் தென்பட்டால் வேளாண்மைத் துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

மீதமுள்ள அரைப் பை குருணையைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது, குழி தோண்டிப் புதைக்கவும் கூடாது. பையை லேபிளோடு அப்படியே கட்டி, சாப்பாட்டுச் சாமான் இல்லாத அறையில் பூட்டிவைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கவும். யாராவது தவறுதலாக விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழைத்து, அந்த லேபிளையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.