வில்லனுக்கு எழுந்த ஆரவாரம்

தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களிடமிருந்து உடனே வந்து விழும் தீர்ப்பு ஒன்றுண்டு: ‘அதெல்லாம் பொய்.’ யார் வெல்வது என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு மோதுகிறார்கள். ஆகவே அதைப் பார்த்துக் கைதட்டுபவன் ஏமாளி. இலக்கிய வகுப்பறைகளிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தங்களுக்குப் பிடித்த மல்லர்களின் பெயரைச் சொல்லக்கூட மாணவர்கள் கூச்சப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

இதில் வெளிப்படுத்த வேண்டிய மர்மம் ஏதும் மிச்சமில்லை. 1989ஆம் ஆண்டிலேயே வின்ஸ் மக்மஹோனின் நிறுவனம், தாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கை என்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டிடம் ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காகச் செய்த ஒப்புதல் அது. அதன் பிறகும் அரங்குகள் நிரம்பின. நாடகம் பார்ப்பவரின் காதருகே சென்று ‘அரசன் உண்மையில் சாகவில்லை’ என்று சொல்பவரை நாம் அறிவாளியாகக் கருதுவதில்லை. மல்யுத்த ரசிகரிடம் மட்டும் அதையே சொல்லிவிட்டுப் பெருமிதம் கொள்கிறோம்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முடிவு எழுதப்பட்டுவிட்ட ஒரு நிகழ்வில் பார்வையாளருக்கு என்ன வேலை? இதற்கு விடையாக நான் எப்போதும் சுட்டுவது 2002 மார்ச் 17ஆம் நாள் கனடாவின் டொரொண்டோ நகரில், ஸ்கைடோம் அரங்கில் நடந்த பதினெட்டாவது ரெஸில்மேனியாவை. அன்று அங்கே கூடியதாக அறிவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 68,237.

நிகழ்ச்சியில் சிறப்பான மோதல்கள் பல இருந்தன. அண்டர்டேக்கர் ரிக் ஃப்ளேரை வீழ்த்தித் தம் பத்தாவது ரெஸில்மேனியா வெற்றியை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒண்டாரியோ மண்ணின் மைந்தரான எட்ஜ், புக்கர் டீயை வென்றார். 1990இல் இதே அரங்கில் ஆறாவது ரெஸில்மேனியா நடந்தபோது இருக்கையில் அமர்ந்து ஹல்க் ஹோகனுக்காகக் குரல்கொடுத்த பதின்வயதுச் சிறுவர்களுள் இந்த எட்ஜும் ஒருவர். இந்தச் செய்தி அற்பமானதன்று. 2002இல் அந்த இருக்கைகளில் இருந்தோர் பலரும் இத்தகைய சிறுவர்களாக இருந்து வளர்ந்தவர்களே என்பதை நினைவிற்கொண்டால்தான் பின்னர் நடந்தது விளங்கும்.

அன்று எல்லோரும் காத்திருந்தது த ராக் என்னும் டுவெய்ன் ஜான்சனுக்கும் ஹோகனுக்கும் இடையிலான மோதலுக்காக. ஒருவருக்கு வயது 29, மற்றவருக்கு 48. ஹோகன் 1980களின் நாயகர். பிரார்த்தனை செய்யுங்கள், வைட்டமின் சாப்பிடுங்கள் என்று குழந்தைகளுக்கு அறிவுரை சொன்னவர். 1993இல் நிறுவனத்தை விட்டு விலகி, 1996இல் போட்டி நிறுவனமொன்றில் கறுப்பு உடை தரித்து வில்லனாக மாறியவர். ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் கழித்து, 2002 பிப்ரவரியில் அதே கறுப்பு உடையுடன் திரும்பி வந்திருந்தார். அவர் மீது மக்கள் வெறுப்புக் கொள்வதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தையும் கதாசிரியர்கள் செய்திருந்தார்கள். தம் கூட்டாளிகளோடு சேர்ந்து ராக்கைச் சுத்தியலால் தாக்கினார். ராக்கை ஏற்றிய ஆம்புலன்ஸ் மீது லாரியைக் கொண்டு மோதினார். இதற்கு மேல் ஒருவரை எப்படிக் கெட்டவராகக் காட்டுவது?

ஆனால் ஹோகன் அரங்கினுள் நுழைந்ததும் எழுந்த ஒலி கதாசிரியர்கள் எதிர்பார்த்ததாக இல்லை. இருவரும் நேருக்கு நேர் நின்று, இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தார்கள். ஹோகன் ராக்கைத் தள்ளிவிட்டுப் புஜத்தை முறுக்கிக் காட்டியபோது அரங்கம் அதிர்ந்தது. நாயகரான ராக் அடித்தபோதோ ஏளனக் கூச்சல் எழுந்தது. எழுதப்பட்ட நன்மை தீமையை அறுபத்தெட்டாயிரம் பேர் சில நிமிடங்களில் தலைகீழாக்கிவிட்டார்கள்.

ராக்கின் மேதைமை இங்கேதான் வெளிப்பட்டது என்பேன். அவர் கூட்டத்தோடு வழக்காடவில்லை. தம்மை நாயகனாக ஏற்கும்படி கெஞ்சவுமில்லை. இடைவாரால் ஹோகனைச் சாட்டை போல விளாசி, கூட்டம் தமக்களித்த வில்லன் வேடத்தை ஏற்றுக்கொண்டார். ஹோகன் தம் பழைய பாணியில் அடிகளை உதறி எழுந்து, தலையை ஆட்டி, விரலை நீட்டியபோது, அங்கிருந்த வளர்ந்த மனிதர்கள் மீண்டும் சிறுவர்களானார்கள். காலால் முகத்தில் ஓர் உதை. பிறகு அவருடைய புகழ்பெற்ற லெக் டிராப். 1980களில் அதோடு எதிராளியின் கதை முடிந்துவிடும். இம்முறை ராக் மூன்று எண்ணி முடிப்பதற்குள் தோளை உயர்த்திவிட்டார். இரண்டாம் முறை ஹோகன் பாய்ந்தபோது ராக் விலகிக்கொண்டார். தம் ராக் பாட்டம் பிடியை இருமுறை பிரயோகித்து, பீப்பிள்ஸ் எல்போவால் முடித்தார். எழுதியபடியே ராக் வென்றார். முடிவு மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது. நாயகன் வில்லனை வீழ்த்திய கதையாக எழுதப்பட்டது, ஒரு தலைமுறை தன் பால்யத்துக்கு விடைகொடுத்த கதையாக நிகழ்ந்தது.

மோதலுக்குப் பின் இருவரும் கைகுலுக்கினர். அதைப் பொறாத கூட்டாளிகள் ஹோகனைத் தாக்க, ராக் வந்து காத்தார். பின்னர் வெளியேற முனைந்த ஹோகனை நிறுத்தி, மக்களுக்காகப் பழையபடி புஜங்காட்டச் சொல்லிச் சைகை செய்தார். வென்றவர் தோற்றவருக்கு மேடையை விட்டுக்கொடுத்த தருணம் அது. உலகப் பட்டத்துக்காக ட்ரிபிள் ஹெச்சும் கிறிஸ் ஜெரிக்கோவும் மோதிய இறுதி நிகழ்ச்சி அதற்குப் பின்னரே நடந்தது. ஆனால் கூட்டம் தன் சக்தி முழுவதையும் ஏற்கெனவே செலவழித்துவிட்டிருந்தது. அடுத்த மாதமே ஹோகன் தம் பழைய சிவப்பு மஞ்சள் உடைக்குத் திரும்பினார். ட்ரிபிள் ஹெச்சை வென்று உலகப் பட்டமும் பெற்றார். அன்று அரங்கில் எழுந்த குரல் அதற்கடுத்த அத்தியாயத்தையே எழுதிவிட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலின் முதற்கட்டுரையையே மல்யுத்தத்துக்கு ஒதுக்கினார். அது விளையாட்டன்று, காட்சி; போட்டி ஏற்பாடு செய்யப்பட்டதா இல்லையா என்பது பார்வையாளனுக்குப் பொருட்டேயில்லை என்றார். இதுவரை அவரோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அவர் கண்ட மல்யுத்தத்தில் ஒவ்வொரு மல்லனின் உடலும் ஐயத்துக்கு இடமின்றிப் பொருள் உணர்த்தும். தீயவன் தீயவனாகவே தெரிவான். கூட்டம் அதைப் படித்துக்கொள்ளும். டொரொண்டோவின் கூட்டம் படிப்பதோடு நிற்கவில்லை, மறுத்துப் படித்தது. நம் மரபு மெய்ப்பாடு என்று சொல்வதை நடிப்பவர் உடலில் மட்டும் தேடிப் பயனில்லை. இருக்கையிலிருப்பவர் உடலிலும் அது தோன்றுகிறது, தோன்றி மேடையைத் திருத்துகிறது. வாசகன் பிரதியைத் திருத்துகிறான் என்று கருத்தரங்குகளில் வியந்து பேசும் நாம், அது கண்ணெதிரே நிகழும் ஓரிடத்தைப் பாமரக் கேளிக்கை என்று ஒதுக்குவது முரண் அல்லவா?

ஆயினும் கூட்டத்தைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி உண்மையே ஆகும். ஆரவாரம் ஒரு வேடத்துக்குக் கிடைப்பது. அந்த வேடத்தைத் தரித்த மனிதனுக்கு வழங்கும் நற்சான்றிதழ் அன்று. ஹோகனின் இனவெறிப் பேச்சு அடங்கிய ஒலிப்பதிவு 2015இல் வெளியாகி, நிறுவனம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. 2018இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. நிறுவனம் மன்னித்தது, கூட்டம் மன்னித்ததா? 2025 ஜனவரி 6 அன்று, ‘ரா’ நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய நாளில், கலிஃபோர்னியாவில் மேடையேறிய ஹோகனை அரங்கம் பலத்த ஏளனக் கூச்சலோடு எதிர்கொண்டது. இம்முறை அவர் வில்லன் வேடத்தில் வரவில்லை. அவ்வாண்டு ஜூலை 24ஆம் நாள் அவர் இறந்துபோனார்.

இவ்விரு கூட்டங்களுள் எது சரி என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டும் சரி என்பதே என் கருத்து. 2002இல் எழுந்த குரல் தன் இளமைக்கு நன்றி சொன்னது. 2025இல் எழுந்த குரல் அந்த நன்றிக்கும் ஓர் எல்லை உண்டென்றது. ஹோகனின் பேச்சை அறிந்தபின் டொரொண்டோக் காட்சியைப் பார்க்கும்போது அந்த ஆரவாரம் பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் பழைய கள்ளமின்மையோடு அதில் கலந்துகொள்ளவும் முடிவதில்லை. பிடித்த எழுத்தாளரின் வாழ்க்கையில் இழிவானதொன்றை அறிந்தபின் அவர் நூலை மீண்டும் திறப்பவருக்கு இந்தச் சங்கடம் புதிதன்று.

மல்யுத்தம் பார்ப்பவனை ஏமாளி என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏமாளி என்பவன் எதை ஊட்டினாலும் உண்பவன். இந்த ரசிகனோ வெறுக்கச் சொன்னபோது நேசித்திருக்கிறான். நேசிக்கச் சொன்னபோது வெறுத்துமிருக்கிறான். நம் மாணவர்கள் ஒரு கவிதையின் முன் இவ்வளவு சுதந்திரத்தோடு நிற்பார்களானால், அவர்களுக்குக் கற்பிக்கும் எனக்கு அதைவிட மகிழ்ச்சி தருவது வேறில்லை.