கேட்டால்தான் கிடைக்கும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்துவிட்டு, அந்தக் கையோடு ஒரு லாட்டரிச் சீட்டும் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம்மவர்கள் அநேகர். மறுநாள் காலை பத்திரிகையைப் பிரித்தவுடன் அவர்கள் தேடுவது குலுக்கல் முடிவைத்தான். பரிசு விழுந்தால் 30 நாட்களுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது சாலைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால், தான் உழைத்துப் பாங்கில் போட்ட பணம் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

பத்து வருஷம் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கின் பணமும், தவணை முடிந்து பத்து வருஷம் வாங்கப்படாத டெபாசிட் பணமும் ரிசர்வ் பாங்கின் நிதி ஒன்றில் சேர்க்கப்படுகின்றன. 2014-இல் அமைக்கப்பட்ட இந்த நிதிக்கு டெபாசிட்தாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதி என்று பெயர். 2023 மார்ச் முடிவில் இதில் 62,225 கோடி ரூபாய் இருந்தது. அடுத்த மார்ச்சில் அது 78,213 கோடியாக உயர்ந்தது. ஒரே வருஷத்தில் சுமார் 16,000 கோடி! இது முழுவதும் செல்வந்தர்கள் மறந்துவிட்ட பணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்தவர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணமும் இதில் அடக்கம்.

நிதிக்குப் போன பணம் அரசுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கணக்குக்கு உரியவரோ அவருடைய வாரிசோ எப்போது கேட்டாலும் பாங்கு கொடுத்தாக வேண்டும். பிறகு அந்தத் தொகையைப் பாங்கு நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். இதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. வட்டி உள்ள கணக்கானால், நிதிக்குப் போன பின்பும் வட்டி உண்டு. 2021 மே மாதம் முதல் இது 3 சதவீதத் தனி வட்டி.

சில மாதங்களுக்கு முன் நம்மைச் சந்தித்த ஒருவரின் தகப்பனார், சாலையில் முப்பது வருஷம் மூட்டை சுமந்து, கடைசியில் சொந்த ஊருக்குப் போய்க் காலமானவர். அவருடைய தகரப் பெட்டியில் திருவாங்கூர் ஸ்டேட் பாங்க் பாஸ் புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. “பாங்கே போய்விட்டது, பணம் மட்டும் இருக்கவா போகிறது?” என்று கேட்டார் மகன். புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட இருந்தாராம்.

பாங்கு போகவில்லை, பெயர்தான் போயிற்று. 1945-இல் திருவாங்கூர் பாங்க் என்று தொடங்கிய அது, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் பாங்கோடு இணைந்தது. பழைய கணக்குகளுக்கு இப்போது ஸ்டேட் பாங்கே பொறுப்பு. இதேபோல் நெடுங்காடி பாங்க் கணக்கை பஞ்சாப் நேஷனல் பாங்கிலும், சிண்டிகேட் பாங்க் கணக்கைக் கனரா பாங்கிலும், விஜயா பாங்க் கணக்கை பாங்க் ஆஃப் பரோடாவிலும் கேட்க வேண்டும். பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் பாங்கோடும், பாங்க் ஆஃப் தமிழ்நாடு அதே வருஷம் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கோடும் சேர்ந்துவிட்டன. பெயர்ப் பலகை மாறியதால் எவருடைய பணமும் கரைந்துவிடாது. வீட்டில் பழைய பாஸ் புத்தகம் எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள்.

பணம் எந்தப் பாங்கில் இருக்கிறது என்றே தெரியாதவர்களுக்காக ரிசர்வ் பாங்கு 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. முதலில் ஏழு பாங்குகளோடு ஆரம்பித்து, 2024 மார்ச்சில் 30 பாங்குகளாக அது விரிந்தது. மதிப்பில் பார்த்தால் கேட்பாரற்ற டெபாசிட்டுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்தப் பாங்குகளுடையவை. செல்போன் எண்ணைப் பதிவு செய்து, கணக்குக்காரரின் பெயரோடு, வாக்காளர் அட்டை எண், பான் எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். கட்டணம் இல்லை. ‘தேடித் தருகிறேன், பாதி கொடு’ என்று வருகிறவர்களிடம் ஏமாற வேண்டாம். செல்போனில் வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

ஆனால், நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அது பெயர்ச் சங்கடம். பழனி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘எல்’ போடுவார்கள். கேரளத்தில் ‘இஸட், எச்’ போடுவார்கள். நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். இங்கே பல சமயம் அது பின்னால் போய்விடும். முப்பது வருஷத்துக்கு முன் பாங்கு குமாஸ்தா எழுதிய பெயர் ஒன்று, இன்றைய ஆதாரில் உள்ள பெயர் வேறொன்று. ஆகவே ஒருமுறை தேடி, ‘இல்லை’ என்று வந்தவுடன் விட்டுவிடக் கூடாது. இரண்டு விதமாகவும் எழுதித் தேட வேண்டும். முதலெழுத்தை மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும்.

கிராமத்துச் சங்கங்களாகிய தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களும், சிட்டிப் பணமும் உத்கமில் வருவதில்லை. அவற்றை அந்தந்தக் காரியாலயத்தில்தான் கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பணம் பத்து வருஷம் கேட்கப்படாவிட்டால் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. அதைக் கேட்க அதன்பின் 25 வருஷ அவகாசம் உண்டு. மில்லிலும் பாக்டரியிலும் வேலை பார்த்து, பாதியில் நின்றவர்களின் பிராவிடண்ட் பண்டு விஷயமும் இப்படித்தான். 2014-இல் ஒரே எண் முறை வருவதற்கு முன், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு எண் இருந்தது. பழைய சம்பளச் சீட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி, அரசையும் பாங்குகளையும் நோக்கிச் சில வார்த்தைகள். 2025 அக்டோபரில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ‘உங்கள் பணம், உங்கள் உரிமை’ என்ற மூன்று மாத இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். மாவட்டந்தோறும் முகாம் நடத்துவதே திட்டம். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால், வேலை நாளில் நடக்கும் முகாமுக்குத் தினக்கூலிக்காரன் எப்படிப் போவான்? ஒரு நாள் கூலியை இழந்து, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பணத்தை அவன் தேட மாட்டான். சாலை, பழவங்காடி, தம்பானூர் வட்டாரத்திலாவது ஞாயிற்றுக்கிழமை முகாம்கள் நடத்த வேண்டும். தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகஸ்தர் அங்கே இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

வாரிசுகளின் அலைச்சல் அதைவிடப் பெரியது. கணக்கு இங்கே, குடும்பம் சங்கரன்கோவிலிலோ நாங்குநேரியிலோ இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கு நடந்து, பின் ரெயிலேறி இங்கே வந்து, ‘இன்னொரு காகிதம் வேண்டும்’ என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஏழை என்ன செய்வார்? ரிசர்வ் பாங்கு 2025 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு இதற்கு ஓரளவு பரிகாரம் செய்திருக்கிறது. வணிகப் பாங்குகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலும், கூட்டுறவு பாங்குகளில் 5 லட்சம் வரையிலும், நாமினி இல்லாத, தகராறு இல்லாத கணக்குகளுக்கு எளிய நடைமுறை வேண்டும். காகிதங்கள் முழுமையாகக் கிடைத்த 15 நாட்களில் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு நஷ்ட ஈடும் உண்டு. 2026 மார்ச் 31-க்குள் இதை அமல்படுத்த வேண்டும் என்று கெடுவும் விதிக்கப்பட்டது. உத்தரவு ஒவ்வொரு கிளையின் கவுண்ட்டருக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்று மேலதிகாரிகள் பார்க்க வேண்டும். என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டத் தாசில்தார்களும் இத்தகைய மனுக்களைத் தாமதமின்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

வாசகர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. பாங்குக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஊருக்குத் திரும்புமுன் இங்குள்ள கணக்கை முடித்துவிடுங்கள், அல்லது வருஷத்துக்கு ஒருமுறையாவது நூறு ரூபாய் போட்டு எடுங்கள். இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருந்தால், அதே பாங்கின் எந்தக் கிளையிலும் அடையாளக் காகிதங்களைக் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். ஒருவரையாவது வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு இருப்பதை மனைவி மக்களிடம் சொல்லுங்கள். குடும்பத்துக்குத் தெரியாமல் சேர்க்கும் பணம் ஆபத்துக்கு உதவும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சொல்லாமலே கண்ணை மூடிவிட்டால், அந்தப் பணம் 78,213 கோடியோடு போய்ச் சேரும். கடன் வாங்கிக் காரியம் செய்த பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

நம்மைச் சந்தித்த அந்த மகன் பாஸ் புத்தகத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுப் பெட்டியையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை திறந்து பாருங்கள்.